வெட்டப்பட்ட ஆக் பறவை

சர் எவராட் ஹார்பி படியேறி வரும்போதே குறை சொல்லிக்கொண்டு வந்தார். படி குறுகலாம், கீழே செருப்புக் கடையில் தோல் நாறுகிறதாம், நவம்பர் மழை தம் மேலங்கியை நனைத்ததற்கு நார்விச் ஊரே வெட்கப்பட வேண்டுமாம். மேலே வந்து சேர்ந்ததும், சொட்டச் சொட்ட நனைந்த தொப்பியை மேஜையில் வைத்தார். அங்கே சைலஸ் விட்லோ அப்போதுதான் நண்டும் ரொட்டியுமாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

விட்லோ தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "தொப்பிக்கு அந்தச் சுவர்ல ஆணி இருக்கு," என்றார்.

விட்லோ லண்டனில் ஒரு பெரிய ஏல விடுதியில் ஆயுசின் பாதியைக் கழித்தவர். விற்பனைக்கு வரும் பழைய புத்தகங்களைத் தாள் தாளாகச் சோதித்து, எது அசல், எது ஒட்டுப் போட்டது என்று சொல்வதுதான் வேலை. ஓய்வு பெற்றதும், இறந்துபோன மனைவியின் அண்ணன் பெர்னார்ட் பாஸ்க்கோடு நார்விச்சில் குடியேறினார். பெர்னார்ட் முன்னாள் தபால் அதிகாரி. வாழ்நாளெல்லாம் பிறர் கடிதங்களைப் பிரிக்காமலே கையாண்ட ஏக்கமோ என்னவோ, துப்பறிவதென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. விட்லோவுக்கு அப்படிப்பட்ட ஆசை எதுவும் இல்லை. அவருக்குப் பழைய புத்தகங்களைப் பிடிக்கும். அவற்றை வாங்கிச் சேர்ப்பவர்களைத்தான் பிடிக்காது.

"என் வீட்டுல திருட்டு நடந்திருக்கு," என்றார் சர் எவராட். "'வடகடல் பறவைகள்' தெரியும்ல? அதுல ஆக் பறவைப் படம் போச்சு. அதைப் பத்தி எழுதியிருக்கிற எழுத்துத்தாளும் போச்சு. யாரோ கத்தி வச்சு வெட்டியிருக்காங்க."

பெர்னார்ட் பாஸ்க் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நூறு வருடத்துக்கு முன் அச்சான நூல் அது. டீ மேஜை அளவு இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் கையாலேயே வண்ணம் தீட்டியிருப்பார்கள். அது முழுப் புத்தகமாக வெளிவரவில்லை. சந்தா கட்டியவர்களுக்குப் பகுதி பகுதியாகத் தபாலில் வந்தது. எல்லாம் சேர்ந்ததும் அவரவர் கொண்டுபோய் அட்டை கட்டிக்கொண்டார்கள். ஆக் பறவைப் பகுதி எல்லாவற்றுக்கும் கடைசியாக, தனியாக வந்தது. பஃபின் பறவைக்கும் கானட் பறவைக்கும் நடுவில் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்று குறிப்பும் வந்தது. ஆனால் பல பேருக்கு அந்தப் பகுதி போய்ச் சேரவே இல்லை.

ஆக் பறவை பறக்காது. உயிரோடு இருந்த காலத்தில் மாலுமிகள் அதைத் தடியால் அடித்தே தின்று தீர்த்தார்கள். ஒன்றுகூட மிச்சமில்லை என்று ஆனபிறகு, பெரிய மனிதர்கள் அதன் படத்துக்காக அடித்துக்கொண்டார்கள். அந்தப் படம் உள்ள பிரதிக்கு முழுப் பிரதி என்று பெயர். இல்லாததற்குக் குறைப் பிரதி. அந்தச் சீமையில் முழுப் பிரதி வைத்திருப்பவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் இரண்டே பேர். ஒருவர் கர்னல் தர்ட்டல். இன்னொருவர் இப்போது விட்லோவின் தரைவிரிப்பை நனைத்துக்கொண்டிருந்தார்.

"யார் மேல சந்தேகம்?" என்று பெர்னார்ட் ஆவலாகக் கேட்டார்.

"சந்தேகம் என்ன சந்தேகம்? என் செக்ரட்டரி பொண்ணுதான். புத்தகம் இருக்கிற கண்ணாடிப் பெட்டிக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு அவகிட்ட. நேத்தே போலீஸ்ல ஒப்படைச்சாச்சு."

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?" என்றார் விட்லோ.

சர் எவராட் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னைக்கு சாயங்காலம் எங்க பறவைநூல் சங்கத்து விருந்து. இந்த வருஷம் என் வீட்டு முறை. புத்தகத்தை மேஜை மேல வச்சு எல்லாரும் சேர்ந்து படங்களை எண்ணுவோம், அதுதான் எங்க வழக்கம். இப்ப எண்ணினா ஒண்ணு குறையுமே! அதனால நீங்க வந்து பார்த்து, திருட்டுக்கு முந்தின நாள் வரைக்கும் இது முழுப் பிரதிதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். உங்க கையெழுத்துன்னா சங்கத்துல மறுபேச்சு கிடையாது."

"அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?" என்றார் சர் எவராட்.

விட்லோ ரொட்டியை மென்று விழுங்கினார். பிறகு, "வர்றேன். ஒரு நிபந்தனை. கர்னல் தர்ட்டல் தன்னோட பிரதியையும் கொண்டுவரணும். பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் நான் எதையும் சொல்ல முடியும்," என்றார்.

"கேட்டா தோள்ல தூக்கிட்டு வருவான். பெருமை பிடிச்சவன்," என்று சொல்லிவிட்டு, பெருமையே பிடிக்காத சர் எவராட் எழுந்து போனார்.

சர் எவராடின் மாளிகையான ஹார்பி ஹாலுக்குப் போகிற வழியில்தான் காவல் நிலையம். விட்லோ காரை அங்கே நிறுத்தச் சொன்னார்.

ஐடா லார்ட்டர் யார்மத் துறைமுகத்து மீன் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகள். இரவுப் பள்ளியில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, வசந்த காலத்தில்தான் ஹார்பி ஹாலில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அழுது முடித்து, இனி அழ ஒன்றுமில்லை என்கிற முகத்தோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பறவையை நான் கண்ணால கூடப் பார்த்ததில்ல சார்," என்றாள். "அவர் யாரையும் புத்தகத்தைத் தொட விடமாட்டார். பெட்டிக்கு வெளிய நின்னு பார்க்கலாம், அவ்வளவுதான். எப்பவும் ஏதோ ஒரு வாத்துப் படம் திறந்திருக்கும்."

"ஆனா சாவி உங்ககிட்ட இருந்துச்சே?"

"போன வாரம்தான் குடுத்தார். நான் கேக்கவே இல்ல. அவராக் கூப்பிட்டு, அட்டை மேல தூசி தட்டணும், சாவியை நீயே வச்சுக்கோன்னார். அதுக்கு முன்னாடி அந்த ரெண்டாவது சாவியும் அவரோட கடிகாரச் சங்கிலியிலதான் தொங்கும்னு சமையக்காரம்மா சொல்லுவாங்க."

"திங்கக்கிழமை உங்களை யார் முன்னாடி நிறுத்துறாங்க?" என்று பெர்னார்ட் கேட்டார்.

"கர்னல் தர்ட்டல்தான் இந்த வட்டாரத்துக்கு மாஜிஸ்திரேட்டு சார். நேத்து இந்த வழியா வந்தவர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு என்னைப் பார்த்தார். இது கொலையை விட மோசம்னு சொல்லிட்டுப் போனார்." அவள் கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "ஜெயிலுக்குப் போறதுகூடப் பரவால்ல சார், வெளிய வந்துடலாம். வந்த பிறகு எந்த ஊர்ல எவன் எனக்கு வேலை குடுப்பான்? திருடின்னு பேர் வாங்கிட்டு எங்கப்பா முகத்துல எப்படி முழிப்பேன்?"

இன்ஸ்பெக்டர் கேட்ச்போல் வாசல்வரை வந்து வழியனுப்பினார். சர் எவராட் வீட்டு விருந்துக்குக் காவலாக அவரும் வரப்போகிறாராம். "அவ பெட்டி, படுக்கை, ஷூ வரைக்கும் சோதிச்சாச்சுங்க. அந்தத் தாள் எங்கயும் இல்ல. அதுதான் ரொம்பச் சந்தேகமா இருக்கு," என்றார்.

"கிடைச்சிருந்தா சந்தேகம் தீர்ந்திருக்குமோ?" என்றார் விட்லோ.

கேட்ச்போல் அதை யோசித்துப் பார்க்கும் முகத்தோடு நின்றார். கார் கிளம்பிவிட்டது.

ஹார்பி ஹாலில் விருந்துக்கு மேஜை போட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கத்து வழக்கம் ஒன்றைப் பெர்னார்ட் அங்கேதான் தெரிந்துகொண்டார். யார் எங்கே உட்காருவது என்பதை வயதோ பதவியோ தீர்மானிப்பதில்லை. முழுப் பிரதிக்காரர்களுக்குக் குளிர் காயும் கணப்பை ஒட்டி, மேஜையின் தலைமாட்டு நாற்காலிகள். ஒரு படம் குறைந்தவர்கள் அடுத்து. அதிகம் குறைந்தவர்கள் கதவோரம், காற்று புகும் இடத்தில். பாதிரியார் ஸ்ப்ராட் பல வருடமாகக் கதவோரத்திலேயே உட்கார்ந்து நீங்காத ஜலதோஷம் சம்பாதித்திருந்தார். கறி அவரிடம் வரும்போது ஆறியிருக்கும், எலும்பும் சாறும்தான் மிஞ்சியிருக்கும். படித்தவர்கள், நிலபுலன் உள்ளவர்கள், பள்ளிக்கூடப் பையன்களைப் போல இப்படி வரிசை கட்டி உட்கார்ந்தார்கள். ஒருவருக்கும் அதில் சிரிப்பு வரவில்லை என்பதுதான் வேடிக்கை.

நூலக அறையில் புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, சர் எவராட் உடை மாற்றப் போனார். விட்லோ கை கழுவித் துடைத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார்.

புத்தகத்தின் அமைப்பு எளிமையானது. முதலில் ஒரு பறவையின் பெயரைத் தலைப்பில் கொட்டை எழுத்தில் தாங்கிய எழுத்துத்தாள். அதற்கு எதிரே அந்தப் பறவையின் படம். படத்தின் முதுகு வெறும் தாள். அதைப் புரட்டினால் இடப்பக்கம் அந்த வெற்று முதுகு, வலப்பக்கம் அடுத்த பறவையின் பெயர். இப்படியே கடைசிவரை போகும்.

பஃபின் படத்தைத் தாண்டியதும் இரண்டு தாள் துண்டுகள், முதுகுத் தையலை ஒட்டி விரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. நேர்த்தியான வெட்டு. அதற்கப்புறம் கானட் பறவை.

"பாரு மச்சான், எவ்வளவு சுத்தமா வெட்டியிருக்கான்!" என்றார் பெர்னார்ட்.

"வெட்டு இருக்கட்டும். எதை எடுத்திருக்கான்னு பாரு. படம் போயிருக்கு, சரி. எழுத்துத்தாள் எதுக்குப் போகணும்?"

"ஏன், அதுவும் அதோட சேர்ந்ததுதானே?"

"காசுக்குத் திருடறவன் படத்தை மட்டும் எடுப்பான். சட்டம் போட்டு மாட்டிக்கிறவன் படத்தைத்தான் வாங்குவான். எழுத்துத்தாளை எந்தக் கடையிலயும் சீந்தமாட்டாங்க. அதையும் எடுத்தவனுக்கு அது கணக்குக்கு வேணும். வெட்டினது யாரோ, அந்தப் பொண்ணு இல்ல."

பெர்னார்டின் முகம் சிவந்து மலர்ந்தது. குரலைத் தாழ்த்தி, "பாதிரியார்!" என்றார். "கதவோரத்துல உட்கார்ந்து உட்கார்ந்து சலிச்சுப் போயிருப்பார். அவர் பிரதியில இந்த ரெண்டு தாளும் இல்ல. ஒட்டிக்கிட்டா நாற்காலி நாலு தள்ளி மேல போயிரும். தும்மல் வேற தும்மறார், பாவி மனுஷன்."

"தும்மறது குத்தமா மச்சான்?" என்றார் விட்லோ. அவர் பஃபின் படத்தின் முதுகை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெற்றுத் தாளில் மங்கலாகப் பழுப்பு நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. "சமையக்காரம்மாகிட்டப் போய் ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி வாங்கிட்டு வர்றியா?"

பெர்னார்ட் கண்ணாடி கொண்டுவந்தார். மைத்துனர் மீசையைச் சரிசெய்யப் போகிறார் என்று நினைத்து, ஒரு சீப்பும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். விட்லோ சீப்பைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடியைப் பஃபினின் முதுகருகே வைத்து எட்டிப் பார்த்தார். இன்னும் சில படங்களின் முதுகிலும் அப்படியே வைத்துப் பார்த்தார். கடைசியாகப் புத்தகத்தின் கோடிக்குப் போய், அங்கிருந்த வெற்றுத் தாளைத் தடவினார். மற்ற தாள்களோடு ஒட்டிப் பார்த்தால் அது அகலம் குறைவாக இருந்தது. அந்தக் குறைவு இரண்டு விரற்கடைக்கு மேல் இருக்காது.

"என்ன கண்டுபிடிச்ச?" என்று பெர்னார்ட் நச்சரித்தார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பார்த்திருக்காங்க," என்றார் விட்லோ. "கர்னல் வரட்டும்."

கர்னல் தர்ட்டல் வந்தார். சிவந்த முகம், கனத்த தொந்தி. அவரது பிரதி இரண்டு கம்பளிக்குள் சுற்றப்பட்டு, இரண்டு வேலையாட்கள் தாங்க, கைக்குழந்தை மாதிரி வந்து சேர்ந்தது. விருந்து மணி அடிக்குமுன் எல்லோரும் நூலகத்தில் கூடினார்கள். சங்கத்து ஆட்கள் கையில் ஷெர்ரி மதுக் கிண்ணத்தோடு நின்றார்கள். பாதிரியார் ஸ்ப்ராட் இங்கேயும் பழக்கதோஷத்தில் கதவோரம் நின்றார். கேட்ச்போல் தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"சரி விட்லோ, எழுதியாச்சா?" என்றார் சர் எவராட்.

"எழுதுறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை சொல்லணும்." விட்லோவின் குரல் கடைசிவரை உயரவே இல்லை. எழுத்துத்தாளும் சேர்ந்து காணாமல் போனதன் காரணத்தை, பெர்னார்டிடம் சொன்னதைப் போலவே சொன்னார். "ஆக, இதைச் செஞ்சது மிஸ் லார்ட்டர் இல்ல. காசு தேவைப்படறவங்க யாரும் செஞ்ச வேலையும் இல்ல. தாள் கணக்கு முழுசா வரணும்னு ராத்திரி தூக்கம் கெடறவங்க வேலை இது."

"அப்ப எங்கள்ல ஒருத்தனைத் திருடன்னு சொல்றீரா?" என்று கர்னல் உறுமினார். பல பேர் திரும்பிப் பாதிரியாரைப் பார்த்தார்கள். பாதிரியார் தும்மினார்.

"திருடன்னு சொல்லல. திருட்டே நடக்கலன்னு சொல்றேன்." விட்லோ கர்னலின் பிரதியில் பஃபின் படத்தின் முதுகைத் திருப்பி வைத்தார். "புத்தகத்தை மூடி வச்சா, வலப்பக்கத்து அச்சு இடப்பக்கத்துத் தாளை அமுக்கும். நூறு வருஷம் அமுக்கினா மையில இருக்கிற எண்ணெய் மெல்ல மெல்ல அதுல இறங்கும். பழைய புத்தகத்துல எல்லாம் இது உண்டு. எழுத்து இடம் வலமாப் புரண்டு விழுந்திருக்கும், அதனால கண்ணாடியில பார்த்தாத்தான் படிக்க முடியும். கர்னல், உங்க புத்தகம்தானே, நீங்களே படிங்க."

கர்னல் குனிந்தார். கண்ணாடியில் பார்த்தார். "ஆக்," என்றார். பிறகு பெருமையோடு நிமிர்ந்து, "கிரேட் ஆக்னு முழுப் பேரும் தெளிவா விழுந்திருக்கு. ஏன் விழாது? என்னுது முழுப் பிரதி!" என்றார்.

"இப்ப சர் எவராடோட பஃபின் முதுகுல பாருங்க. இங்கயும் அதே பெயர்தானே விழுந்திருக்கணும்? நூறு வருஷமா ஆக் பறவையோட எழுத்துத்தாள்தானே இதை அமுக்கிட்டு இருந்திருக்கணும்?"

கர்னல் மறுபடி குனிந்தார். இந்த முறை நிமிர நேரமாயிற்று.

"கானட்," என்றார்.

அறையில் யாரும் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"கானட்தான்," என்றார் விட்லோ. "பஃபினுக்கும் கானட்டுக்கும் நடுவுல ஒரு தாளும் இருந்ததில்ல. இந்தப் புத்தகத்துக்கு அட்டை கட்டின நாள்லயே ஆக் பறவை உள்ள இல்ல. கடைசிப் பகுதி இந்தச் சந்தாக்காரருக்கு வரவே இல்ல. இல்லாத படத்தைத் திருடினதாச் சொல்லித்தான் அந்தப் பொண்ணு போலீஸ் பெஞ்சுல உட்கார்ந்திருக்கா."

சர் எவராட் சிரித்துக் காட்டினார். "மங்கலா ஏதோ கறை இருக்குங்கிறதுக்காக... அப்ப அந்த வெட்டுன துண்டு ரெண்டும் எங்கிருந்து வந்துச்சு? கண்ணுக்கு எதிர்ல இருக்கே! இல்லாத தாளுக்கு அடித்துண்டு மட்டும் எப்படிய்யா இருக்கும்?"

"அதுவா?" விட்லோ அலட்சியமாகக் கையை அசைத்தார். "அது யாரோ அவசரத்துல ஒட்டினது. ஏதோ மளிகைக் கடைப் பொட்டலக் காகிதம். மலிவான சரக்கு. தொட்டாலே தெரியுது. புத்தகத்தைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாத முட்டாள் பண்ணின வேலை."

"பொட்டலக் காகிதமா!" சர் எவராடின் முகம் பீட்ரூட் ஆயிற்று. "எதைய்யா பொட்டலக் காகிதம்ங்கற? அது அந்தப் புத்தகத்தோட சொந்தக் காகிதம்! கோடித் தாள்லேருந்து நறுக்கினது! நூறு வருஷத்துக் கைக்காகிதம்! இந்தப் புத்தகத்துக்குள்ள நான் புதுக் காகிதத்தை வைப்பேனா? என்னை என்னன்னு நினைச்ச?"

சொல்லி முடித்த பிறகுதான் தாம் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது போலும். வாய் திறந்தபடியே நின்றது.

பாவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெண்ணைத் திருடியாக்கும்போது கூசாத மனிதர், பொட்டலக் காகிதம் ஒட்டினார் என்கிற பழியைத் தாங்க முடியாமல் துள்ளினார். விட்லோ எதிர்பார்த்ததும் அதைத்தான். முப்பது வருடம் அந்த இனத்தோடு பழகியவர் அவர்.

"அவ்வளவுதான் கேஸ்," என்றார் விட்லோ. "கோடித் தாள் அகலம் குறைஞ்சிருக்கு, யாரும் வந்து பார்க்கலாம். குறைப் பிரதின்னு தெரிஞ்சேதான் வாங்கியிருக்கார். முழுப் பிரதின்னு சொல்லித் தலைமாட்டுல உட்கார்ந்தார். பெட்டியைப் பூட்டி, ரெண்டு சாவியையும் இடுப்புலயே தொங்க விட்டுக்கிட்டார். இந்த வருஷம் அவர் வீட்டு முறை வந்துருச்சு. உங்க முன்னாடி எண்ணித்தான் ஆகணும். படம் காணாமப் போயாகணும், பழி போட ஒரு ஆள் வேணும். அதனாலதான் இத்தனை வருஷமா யாருக்கும் குடுக்காத சாவியை, போன வாரம், கேக்காத பொண்ணு கையில குடுத்தார்."

"நீங்க நினைக்கிற மாதிரி இல்ல," என்று சர் எவராட் முனகினார். கெஞ்சலாக விட்லோவின் அருகில் வந்து, "விட்லோ, பொண்ணை விடச் சொல்லிடறேன். வெளியாள் எவனோ வந்து திருடிட்டான்னு வச்சுக்கலாம். முழுப் பிரதியா இருந்துச்சுன்னு மட்டும் ஒரு வரி எழுதிக் குடுங்க. ஒரே ஒரு வரி," என்றார்.

"எழுதத்தான் போறேன்," என்று விட்லோ மேஜைக்குப் போனார். "பொய்யான புகார் கொடுத்தேன், மிஸ் ஐடா லார்ட்டர் எந்தத் தப்பும் செய்யலன்னு நான் எழுதறேன். கையெழுத்து நீங்க போடுங்க. இன்ஸ்பெக்டரும் மாஜிஸ்திரேட்டும் இங்கயே இருக்காங்க, தேடிப் போக வேண்டியதில்ல."

சர் எவராட் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். முதலில் வாயைத் திறந்தவர் பாதிரியார் ஸ்ப்ராட். கதவோரத்திலிருந்து நடு அறைக்கு வந்து நின்றார். அவர் கண்களில் நீர் நின்றது, ஜலதோஷத்தால் அல்ல.

"ஒரு குறைப் பிரதிக்காரன்," என்றார், நடுங்கும் குரலில். "இத்தனை வருஷம். கணப்புப் பக்கத்துல!"

அவ்வளவுதான், அணை உடைந்தது. ஏமாற்று என்றார் ஒருவர். சங்கத்தின் மானமே போயிற்று என்றார் இன்னொருவர். போன வருடம் நெஞ்சுக்கறி முதலில் யாருக்குப் போயிற்று என்று ஒருவர் ஞாபகப்படுத்தினார். கர்னல் வேலையாளைக் கூப்பிட்டு, சர் எவராடின் நாற்காலியை அவருடைய சொந்தச் சாப்பாட்டு மேஜையிலேயே கதவோரம் நகர்த்தச் சொன்னார். சர் எவராட் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டார். அது நியாயம்தான் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். பெர்னார்ட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். காவல் நிலையத்துப் பெஞ்சைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தார். பிறகு அவரே போய்க் கேட்ச்போலின் கையில் அந்தத் தாளைத் திணித்து, "வாங்கய்யா, போய்த் திறந்து விடுங்க," என்றார்.

ஐடாவின் துணிப்பெட்டி ஹார்பி ஹாலில்தான் இருந்தது. அவளை அழைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது உள்ளே விருந்து நடந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு அறையிலிருந்து பல குரல்கள் சேர்ந்து கர்னலின் பிரதியை எண்ணுவது முற்றம்வரை கேட்டது. சமையல்காரம்மாள் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்து, அவள் கன்னத்தில் முத்தமிட்டு, வழியில் சாப்பிட ஒரு பொட்டலமும் கொடுத்தாள். பெர்னார்ட் பெட்டியைக் காரின் பின்னால் கட்டினார்.

ஐடா காரில் ஏறக் காலை வைத்தபோது, "மிஸ் லார்ட்டர்! மிஸ் லார்ட்டர்! ஒரு நிமிஷம்!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

கர்னல் தர்ட்டல். தொப்பி இல்லை. கழுத்தில் செருகிய சாப்பாட்டுத் துணியோடு, மழையில், மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தார். அந்த வயதில், அந்தத் தொந்தியோடு, அவர் ஓடி யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். ஐடா காலைக் கீழே எடுத்து வைத்து நேராக நின்றாள். விட்லோவும் நின்றார். பெர்னார்ட் தம் தொப்பியைக் கழற்றிக்கூட விட்டார்.

"நல்லவேளை, பிடிச்சுட்டேன்," என்றார் கர்னல். "நீங்கதானே அவர் கடிதமெல்லாம் பார்த்தீங்க?"

"ஆமா சார்."

கர்னல் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இனிமே அந்தப் புத்தகத்தை அவர் வச்சிருக்கமாட்டார். வேற எவனுக்காவது விக்கப் பேச்சு நடக்குதா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். குறைப் பிரதிதானே, சல்லிசா வரும். கானட் படத்துல வண்ணம் என்னுதை விட அவருதுல நல்லா இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதீங்க. என்ன, ஏதாவது தெரியுமா?"

ஐடா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கர்னல் கண்ணாடியில் தட்டி, "மிஸ் லார்ட்டர்? யார்மத் விலாசத்துக்கு நான் எழுதலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வண்டி நகர்ந்த பிறகும் வெளிவாசல்வரை பக்கத்திலேயே ஓடி வந்தார்.

கார் பெரிய சாலைக்கு வந்தது. துப்புத் துலங்கிய நாளெல்லாம் வீடு போய்ச் சேரும்வரை ஓயாமல் பேசுகிற பெர்னார்ட், கழற்றிய தொப்பியைத் திரும்பப் போடக்கூட மறந்திருந்தார்.

"மன்னிப்புக் கேக்கத்தான் ஓடி வர்றார்னு நினைச்சேன்," என்றாள் ஐடா. "கேட்டா, பரவால்ல சார்னு சொல்லணும்னுகூட மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டேன்."